அப்பவே சொன்னவரும் ஏரியின் அணையும்

மனிதர்களில் அப்பவே சொன்னவர் என்று ஓர் இனம் உண்டு. அழிந்துவரும் இனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தெருவுக்கு ஒருவர் என்பது குறைந்தபட்சக் கணக்கு, சில வீடுகளில் ஒரே சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு யார் முதலில் சொன்னது என்று மல்லுக்கு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். வெளித்தோற்றத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நம்மைப் போலவே சட்டை போட்டிருப்பார், கையில் குடை வைத்திருப்பார், பேருந்துக்கு நிற்பார். ஏதாவது ஒன்று உடைய வேண்டும். அது கண்ணாடி டம்ளராக இருக்கலாம், கூட்டு வியாபாரமாக இருக்கலாம், ஊரைக் கூட்டிச் செய்துவைத்த கல்யாணமாக இருக்கலாம். உடைந்த சத்தம் அடங்குவதற்குள் இவர் தலை மெதுவாக மேலும் கீழும் ஆடத் தொடங்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். சட்டை நுனியில் துடைப்பார். திரும்ப மாட்டிக்கொண்டு, உடைந்த பொருளைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்து, "நான் அப்பவே சொன்னேன்" என்பார்.

எப்போது சொன்னார்? யாரிடம் சொன்னார்? கேட்டுவிடாதீர்கள். பதில் சொல்வார்.

டம்ளர் மேசை விளிம்பில் பாதி அந்தரத்தில் நின்றபோது இவரும் அதே மேசையில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தார். கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். விரல் நுனியால் உள்ளே தள்ளியிருந்தால் தீர்ந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், தள்ளியிருந்தால் டம்ளர் உடைந்திருக்காது; டம்ளர் உடையாவிட்டால் அவர் வாக்கு பலித்திருக்காது; வாக்கு பலிக்காதவரை ஊரில் எவன் மதிப்பான்? ஆகவே தன் டம்ளரை மட்டும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டார். வெள்ளம் வருமுன் அணை போடு என்று பழமொழி சொல்கிறது. இந்த இனத்துக்காரர் வெள்ளம் வருமுன் நாற்காலி போடுவார், நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து.

அணை என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற ஒருவரை மிக அருகில் இருந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கடைத்தெருவில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நோட்டு, பேனா, டைரியும் விற்கிறேன். அவர் வீடு என் கடைக்கு எதிர் வரிசையில் நாலாவது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய ஓய்வூதியக் காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது. ஊர் வைத்த பெயர் முன்கூட்டி.

முன்கூட்டி வேலை பார்த்தது எங்கள் ஊர் ஏரியில். மீன் பிடிக்கிற வேலையோ படகு விடுகிற வேலையோ இல்லை. ஏரியின் நீர்மட்டத்தை எழுதுகிற வேலை. படகுத்துறையின் கோடியில் அடியும் அங்குலமும் குறித்த ஒரு கம்பம் தண்ணீருக்குள் நட்டிருக்கும். தினமும் காலை ஆறு மணிக்குப் போய், தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து, நீளமான ஒரு நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். முப்பத்தோரு வருஷம் இதைச் செய்தார். அந்த முப்பத்தோரு வருஷமும் ஏரி வற்றிக்கொண்டே வந்தது. மேலே ஆற்றை வயலுக்கும் ஆலைக்கும் திருப்பிக்கொண்டார்கள். இங்கே வருவது நூலாக வந்தது. முதலில் துறையிலிருந்து குனிந்தால் கம்பம் தெரிந்தது. பிறகு கம்பம் தரையில் நின்றது, தண்ணீர் தள்ளிப் போனது. தள்ளி இன்னொரு கம்பம் நட்டார்கள். அதையும் தண்ணீர் விட்டுவிட்டுப் போனது. ஓய்வு பெற்ற வருஷம் வெடித்த சேற்றில் முக்கால் மணி நேரம் நடந்து மூன்றாவது கம்பத்துக்குப் போய்த்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதினார். நோட்டு நிறைந்ததும் அலுவலகத்துக்குப் போகும், அங்கே இரும்பு பீரோவுக்குள் போகும், புது நோட்டு வரும். இத்தனை வருஷத்தில் யாராவது அதைத் திறந்து, "என்னய்யா இது, ஏரி இப்படிக் குறையுதே?" என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. ஒரே ஒரு முறை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போகிறது, இனிக் கவனமாக இருக்கவும் என்று.

எனக்கு அந்த மனிதர் மேல் உள்ள கோபம் இந்த இடத்தில் கொஞ்சம் ஆறிவிடும். கண்ணெதிரே ஓர் ஏரி சாவதைத் தினமும் எழுதி வைத்து, அதை ஒருவரும் படிக்கவில்லை என்றால், எழுதுவது வேறு சொல்வது வேறு என்கிற வித்தியாசம் யாருக்குத்தான் மறக்காது? அவருக்கு மறந்துவிட்டது. ஏரியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் "நான் அப்பவே சொன்னேன்" என்பார். "யார்கிட்ட சார் சொன்னீங்க?" என்று கேட்டால், சற்றும் யோசிக்காமல், "நோட்டுல" என்பார்.

ஓய்வு பெற்றதும் அரசாங்க நோட்டு நின்றுபோனது. மனிதர் ஒரு வாரம் தவித்துப்போனார். எட்டாம் நாள் என் கடைக்கு வந்து, நாளுக்கு ஒரு பக்கம் உள்ள தடித்த டைரி மூன்று வாங்கினார். ஊருக்கு ஒன்று, உறவுக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று. எழுதுவதோடு நின்றால் பரவாயில்லை. பிற்பாடு எவனாவது, "இதை நீங்க நேத்து ராத்திரி கூட எழுதியிருக்கலாமே" என்று சொல்லிவிடக் கூடாது அல்லவா? ஆகவே முக்கியமான பக்கங்களை அன்றன்றைக்கே என்னிடம் கொண்டுவந்து ஜெராக்ஸ் எடுத்து, ஓரத்தில் என் கடையின் தேதி முத்திரையைக் குத்தி வாங்கிக்கொள்வார். இயந்திரத்தின் மூடியைத் திறந்து நான் டைரியைக் கவிழ்க்கும்போது தவறாமல், "படிக்காதேப்பா" என்பார்.

ஜெராக்ஸ் போடுகிறவன் எதையும் படிப்பதில்லை என்று ஊர் நம்புகிறது. நாங்களும் அந்த நம்பிக்கையைக் கெடுப்பதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் மாடி கட்டினார். "மூன்றாவது படி மற்றதைவிட இரண்டு விரற்கடை உயரம். தடுக்கி விழுவார்" என்று இவர் எழுதி, முத்திரை வாங்கி, எட்டு மாதம் பொறுமையாகக் காத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து, கணுக்கால் முறிந்து, ஆஸ்பத்திரியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்தபோது பார்க்கப் போன முதல் ஆள் முன்கூட்டிதான். மற்றவர்கள் பழம் கொண்டுபோனார்கள். இவர் பழத்தோடு ஒரு காகிதமும் கொண்டுபோனார்.

அணைக்கு வருகிறேன். எங்கள் ஏரி நடுவில் இடுப்பு சிறுத்த ஏரி. மேல்பாதி சின்னது, எங்கள் ஊர்ப் பக்கம். ஆறு வந்து விழுவது அதில்தான். கீழ்ப்பாதி பெரியது, கண்ணுக்கெட்டிய வரை உப்புப் பூத்த தரை. ஆற்றில் வருகிற கொஞ்சநஞ்சத் தண்ணீரும் மேல்பாதியில் தங்காமல் இடுப்பு வழியே ஓடிப்போய், கீழ்ப்பாதியில் முழங்கால் ஆழத்துக்குப் பரவி, வெயிலில் ஆவியாகிக்கொண்டிருந்தது. இரண்டையும் காப்பாற்றத் தண்ணீர் போதாது. இடுப்பில் ஒரு மண் அணை கட்டி மதகு வைத்துவிட்டால் மேல்பாதியாவது நிறையும், மிஞ்சுவதைக் கீழே விடலாம் என்று எஞ்சினியரம்மா ஒருவர் வந்து பள்ளிக்கூடக் கூடத்தில் படம் போட்டு விளக்கினார். சின்ன வயசு, வெயிலில் கறுத்த முகம், சேறு காயாத பூட்ஸ். ஊர் முழுக்கக் கேள்வி கேட்டது. முன்கூட்டி கேட்கவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். மறுநாள் இரண்டு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தார். ஒரு பக்கத்தில், "இந்த அணை ஏரியைப் பிழைக்க வைக்கும்" என்று இருந்தது. இன்னொரு பக்கத்தில், "இந்த அணை தேறாது" என்று இருந்தது. "என்ன சார், ரெண்டும் எழுதியிருக்கீங்க?" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. படிக்காதவன் எப்படிக் கேட்பது? இரண்டிலும் முத்திரையைக் குத்திக் கொடுத்தேன்.

இரண்டு வருஷத்தில் அணை எழும்பியது. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களில் ஒருவர் முன்கூட்டியின் மனைவிக்கு உடன்பிறந்த தம்பி. படகுக்காரர். படகுக்காரர் என்றால், ஒன்பது வருஷமாகத் தண்ணீரைத் தொடாத ஒரு படகுக்குச் சொந்தக்காரர். அது பழைய துறையை ஒட்டி ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே ஒரு செடி முளைத்து, பூத்து, பட்டும் போயிருந்தது. தெருநாய் ஒன்று அதில் இரண்டு முறை குட்டி போட்டிருந்தது. ஊரில் பாதிப் படகுகள் விறகாகப் போய்விட்டன. இவர் லாரி ஓட்டினார், செங்கல் சுமந்தார், படகை விற்கவில்லை. அணையில் மதகுக் காவல் வேலை கிடைத்ததும், மற்ற ஆட்கள் பதினெட்டுப் பேரோடு, அணையின் அடிவாரத்தில், தண்ணீர் இல்லாத பக்கம், காற்று அடிக்காத இடமாகப் பார்த்துப் போட்டிருந்த தகரக் கொட்டகையில் தங்கினார். மதகை மூடி மேல்பாதியில் தண்ணீர் ஏறத் தொடங்கிய பிறகு அவருக்கு ஒரே பேச்சுதான். லீவு கிடைத்தால் துறைக்கு வந்து, தண்ணீர் நிற்கிற இடத்திலிருந்து படகு வரைக்கும் காலால் அளப்பார். நூறடி. அறுபதடி. முப்பதடி. தெருவில் யாரைப் பார்த்தாலும் வணக்கத்துக்குப் பதில், "இன்னிக்கு எத்தனை அடி?" என்றுதான் கேட்டார்கள்.

அவருடைய அக்கா, அதாவது முன்கூட்டியின் மனைவி, புருஷனுக்கு நேர் எதிர். மனதில் பட்டதை அந்த நிமிஷமே, எதிரில் யார் இருந்தாலும் சொல்லிவிடுகிறவர். "கடையில வெளிச்சமே பத்தல, உங்களுக்குக் கண்ணு போயிடும்" என்று சொல்லி என்னை மறுநாளே விளக்கு மாற்ற வைத்தவர். அவர் சொன்ன கெட்டது எதுவும் இதுவரை நடந்ததில்லை. சொன்னதும் யாராவது அதைச் சரிசெய்துவிடுவார்கள். அதனால் ஊரில் அவருக்குத் தீர்க்கதரிசி என்ற பெயர் கிடையாது. வாயாடி என்ற பெயர் இருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. ஓய்வு பெற்றும் ஆறு மணிப் பழக்கம் போகாததால் முன்கூட்டி தினமும் குடையோடு அணை வரை நடப்பார். அன்று அணையின் இடது கோடியில், அது மேட்டோடு சேருகிற இடத்தில், அடிவாரத்தில் கைத்துண்டு அகலத்துக்கு ஈரம் இருப்பதைப் பார்த்தார். குனிந்தார். தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது, கலங்கலாக. குடை முனையை ஊன்றினார். பாதிக் குடை உள்ளே இறங்கியது. முப்பத்தோரு வருஷம் தண்ணீரைப் பார்த்த கண்ணுக்கு அது என்ன என்று விளங்காமல் இல்லை. முப்பது தப்படி தள்ளி, கொட்டகை வாசலிலிருந்து மைத்துனர் கூப்பிட்டார்.

"மாமா, டீ குடிச்சிட்டுப் போங்க!"

போய் உட்கார்ந்து டீ குடித்தார்.

"தண்ணி படகுக்கு எவ்ளோ தூரத்துல இருக்கு?"

"நாலடிதான் மாமா. அடுத்த மாசம் மிதந்துடும். முதல்ல அக்காவைத்தான் ஏத்தணும்."

"ம்" என்றார். காலி டம்ளர் பெஞ்சின் விளிம்பில் இருந்தது. அதை உள்ளே தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். வீட்டுக்கு வந்து எழுதினார்.

பத்து மணிக்கு என் கடைக்கு வந்தார். "படிக்காதேப்பா" என்றார். நான் படித்தேன். "செவ்வாய், காலை 6.20. அணை இடது கோடி, அடியில் ஈரம். கைத்துண்டு அளவு. கலங்கல். குடை பாதி இறங்கியது. இது நிற்காது. பத்து நாள்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு காப்பியா, மூணா சார்?" என்றேன்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அது விபரீதம் என்று எனக்குப் புரிந்தது. ஆனால் எனக்கு அணையைப் பற்றி என்ன தெரியும்? எஞ்சினியரம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் இவர் இங்கே வந்திருப்பார். சொல்லாவிட்டாலும், பதினெட்டுப் பேர் அங்கேயே கிடக்கிறார்கள், ஒருத்தர் கண்ணிலுமா படாது? அதுவும் போக, நான் அதைப் படிக்கவே இல்லை. படிக்காதவன் போய்ச் சொன்னால் என் தொழில் என்ன ஆவது? நாளைக்கு எவன் தன் உயிலைக் கொண்டுவந்து என் கடையில் ஜெராக்ஸ் எடுப்பான்? இப்படி ஒவ்வொன்றாக யோசித்து முடித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டிருந்தது.

புதன்கிழமை வந்தார். "போர்வை அளவு." வியாழக்கிழமை வந்தார். "கட்டில் அளவு. ஊற்றில் மணல் சுழல்கிறது." ஈரம் அகல அகல மனிதர் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை. அவர் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது ஆளைக் கொல்கிற காரியம் என்று அவருக்கே தெரியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். கம்பத்தில் கோடு பார்த்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். அவ்வளவுதான். மேற்கொண்டு யாரோ பார்த்துக்கொள்வார்கள். அந்த யாரோ கடைசி வரை வந்ததில்லை என்பது மட்டும் அவருக்குப் பழகிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் மனைவிக்குத் தையல்காரர் சொன்ன அளவைக் குறிக்க ஒரு துண்டுத் தாள் வேண்டியிருந்தது. கைக்கு எட்டியது ஏரி டைரி. பக்கத்தைக் கிழிக்கப் போனவர் நின்றுவிட்டார். பிறகு நடந்த பேச்சை அந்த அம்மா தெருவில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார். நான் ஐந்து முறை கேட்டேன். ஒரு வார்த்தை மாறவில்லை.

"ஏங்க, இடது கோடியில ஈரம்னு எழுதியிருக்கே, என்னது இது?"

"அணையில. செவ்வாக்கிழமை பார்த்தேன்."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"அதான் எழுதியிருக்கேனே."

"என் தம்பி அதுக்கு அடியிலதானே படுத்துக்கிடக்கான்!"

"பதறாதே. பத்து நாள்னு போட்டிருக்கேன். இன்னும் ஏழு நாள் இருக்கு."

அந்த அம்மா தம்பிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. செருப்பு மாட்டாமல் தெருவில் இறங்கினார். முனையில் பெயிண்ட் டப்பா ஏற்றிக்கொண்டு நின்ற சரக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்து, "அணைக்கு விடுப்பா" என்றார். வண்டிக்காரர், இது வேறொருவர் வீட்டுக்குப் போகிற பெயிண்ட் என்று ஆரம்பித்தார். "வீடு இருந்தா அடிச்சுக்குவாங்க, விடு!" என்றார். என் கடையைத் தாண்டும்போது தெருவே கேட்கிற மாதிரி, "அணை கசியுது! மூணு நாளா இவருக்குத் தெரியுமாம்! ஒரு வார்த்தை சொல்லல!" என்று கத்தினார். கடைகள் படபடவென்று மூடின. நானும் மூடினேன். இவருக்கு என்று ஒருவரை மட்டும் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா எஞ்சினியரம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இடது கோடிக்கு வந்துவிட்டிருந்தார். எஞ்சினியரம்மா மண்டியிட்டு, ஊறுகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, விரலால் தேய்த்துப் பார்த்தார். சட்டென்று எழுந்தார்.

"தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா பயமில்லம்மா. இது அணை மண்ணைக் கூடவே கூட்டிட்டு வருது. கொட்டகையைக் காலி பண்ணுங்க. மதகைத் திறங்க. எல்லாத்தையும்!"

மதகைத் திறந்தால் சேர்ந்த தண்ணீர் போய்விடும். பாரம் குறையாவிட்டால் அணையே போய்விடும். மதகுச் சக்கரத்தைச் சுற்ற வேண்டிய ஆள் யார்? படகுக்காரர்தான். ஒன்றும் கேட்காமல் மேலே ஏறிப் போய்ச் சுற்றினார். ஒன்பது வருஷம் காத்திருந்த தண்ணீர் கீழே இரைந்துகொண்டு போயிற்று. சுற்றி முடிக்கிற வரை அவர் துறைப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஊற்றைச் சுற்றி மண்மூட்டை அடுக்கி, உள்ளே மணலும் மேலே சரளையும் கொட்டி, தண்ணீர் வந்தாலும் மண் வராதபடி அமுக்க வேண்டும் என்றார் எஞ்சினியரம்மா. ஊரே வரிசையில் நின்று மூட்டை கை மாற்றியது. ஆசிரியர் தூக்கினார், தையல்காரர் தூக்கினார், பெயிண்ட் வண்டிக்காரர் தூக்கினார். நானும் தூக்கினேன்.

மதியம் இரண்டு மணிக்கு முன்கூட்டி வந்தார். கையில் குடை, கக்கத்தில் ஒரு கோப்பு. மேட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். தலை மேலும் கீழும் ஆடத் தொடங்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"நான் அப்பவே..."

"எப்போ சார்?" என்று நிமிர்ந்தார் எஞ்சினியரம்மா. "எப்போ பார்த்தீங்க? சரியா சொல்லுங்க. எனக்கு அது தெரிஞ்சாகணும்."

முன்கூட்டியின் வாழ்நாளில் முதல் முறையாக ஒருவர் ஆதாரம் கேட்கிறார். கோப்பைப் பிரித்தார். "செவ்வாக்கிழமை காலைல ஆறு இருபது. துண்டு அளவு. புதன் போர்வை. வியாழன் கட்டில். எல்லாத்துலயும் தேதி முத்திரை இருக்கு, பாருங்க." எஞ்சினியரம்மா மூன்று தாளையும் முழுதாகப் படித்தார். அவர் எழுதியதை ஒரு பொறியாளர் முழுதாகப் படித்ததும் அதுவே முதல் முறை.

"இவ்ளோ சரியா எழுதியிருக்கீங்களே. எங்கிட்ட ஏன் சார் சொல்லல?"

முன்கூட்டி உண்மையிலேயே யோசித்தார். இத்தனை பேர் முன்னால் அவர் பொய் சொல்லப் பார்க்கவில்லை. "எழுதி வெச்சேனேம்மா" என்றார். குரலில் பெருமை போயிருந்தது.

எஞ்சினியரம்மா தாளைத் திருப்பினார். ஓரத்தில் இருந்த முத்திரையைப் பார்த்தார்.

"இது யாரு கடை?"

அவர் முதுகுக்குப் பின்னால் தோளில் மூட்டையோடு நின்றுகொண்டிருந்தேன். அதுவரை கனக்காத மூட்டை கனத்தது.

"நான் படிக்கலைங்க" என்றேன்.

படித்தாயா என்று அவர் கேட்கவே இல்லை.

எஞ்சினியரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தாள்களை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு, "மூட்டையைப் போடுங்க" என்றார். முன்கூட்டி குடையைத் தரையில் வைத்துவிட்டு வரிசைக்கு வந்தார். எனக்கு அடுத்து நின்றார். பொழுது சாயும் வரை நான் அவர் கையில் கொடுத்தேன், அவர் அடுத்த கையில் கொடுத்தார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

அணை நின்றது. படகுக்கும் தண்ணீருக்கும் இடையே நாலடி இருந்தது நாற்பதடி ஆகிவிட்டிருந்தது. பத்தாம் நாள் போயிற்று, பதினோராம் நாளும் போயிற்று, ஒன்றும் இடியவில்லை. முன்கூட்டி எழுதியவற்றில் மிகச் சரியானது பொய்யாகிப்போனது. அன்று சாயங்காலம் அவர் டைரியோடு கடைக்கு வந்தார். அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தைப் பிரித்து வைத்தார். அவர் கையெழுத்து இல்லை. கோணல்மாணலாக, கட்டத்துக்கு வெளியே போகிற எழுத்து. "இன்னைக்கு என் தம்பி உயிரோட இருக்கான். இதையும் ஜெராக்ஸ் எடுத்து வைங்க."

படிக்காதேப்பா என்று அவர் சொல்லவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே படித்தேன். ஒரே ஒரு காப்பி எடுத்து, முத்திரையைக் கையில் எடுத்தேன்.

"முத்திரை வேணாம்ப்பா" என்றார்.

ஆள் திருந்திவிட்டார் என்று முடித்தால் கதை நன்றாக இருக்கும். மறுவருஷம் தண்ணீர் திரும்ப ஏறி, ஒரு காலையில் படகின் அடியைத் தொட்டது. ஊரே துறையில் கூடியது. படகுக்காரர் அக்காவை முதலில் ஏற்றி உட்கார வைத்துவிட்டுத் தள்ளத் தோள் கொடுத்தார். கூட்டத்தில் முன்கூட்டியும் இருந்தார். அவர் பார்வை படகின் ஒரு பக்கத்திலேயே நின்றது. தலை ஆட ஆரம்பித்தது. கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது. பாதியில் இறங்கியது.

"மாப்ளே, தள்ளாதே" என்றார். பழக்கமில்லாத வேலை. "அந்த மூணாவது பலகையில சந்து விட்டிருக்கு. பத்து வருஷம் காஞ்ச கட்டை."

"தாரு பூசியாச்சு மாமா!" என்று படகுக்காரர் தள்ளிவிட்டார். அவர் மீது தப்புச் சொல்ல முடியாது. அந்த வாயிலிருந்து ஒரு விஷயம் முன்னாடியே வரும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்?

பத்தடி போனதும் படகு தண்ணீர் குடித்தது. முழங்கால் ஆழம்தான், அக்கா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தம்பியைத் திட்டிக்கொண்டு, நடந்தே கரைக்கு வந்தார். முன்கூட்டி வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. சொல்ல முடியவில்லை. அதற்குள் கரையில் நின்ற நூறு பேரும் ஒரே குரலில், "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டார்கள்.

நூறு பேரில் நானும் ஒருவன். நீங்கள் அங்கே இல்லை, அதனால் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். படகு ஒன்பது வருஷம் வெயிலில் கிடந்தது என்று நான் சொன்ன இடத்திலேயே, இது மிதக்காது என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியும், பேசாமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு வந்தீர்கள், பாவம் அந்த அம்மாவை அதில் ஏற வேறு விட்டுவிட்டீர்கள். குறையாகச் சொல்லவில்லை. உங்களுக்கு அப்பவே தெரியும் என்பதற்கு ஆதாரம் வேண்டுமானால், ஒரு தாளில் எழுதி என் கடைக்குக் கொண்டுவாருங்கள். முத்திரை இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. ரெண்டு காப்பியா மூணா என்று மட்டும் சொன்னால் போதும். நான் படிக்க மாட்டேன்.